டயாலிசிஸ் செய்யும் மூத்த பெண்களும் எலும்பு நலமும்

மெர்போக், செமிலிங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து உழைத்த அம்மாக்களில் சிலர் இன்று வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குச் செல்கின்றனர். இடுப்பிலோ முதுகிலோ வலி வந்தால், "வயசாகிவிட்டது, அந்தக் காலத்து உழைப்பு" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அல்லது மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இந்த இரண்டுமே சரியான வழி அல்ல.

எலும்பு ஏன் பலவீனமாகிறது?

பெண்களின் எலும்பைக் காக்கும் ஹார்மோன்களில் முக்கியமானது ஈஸ்ட்ரோஜன். ஏறக்குறைய 50 வயதில் மாதவிடாய் நின்றதும் அது வெகுவாகக் குறைந்து, எலும்பு தேயத் தொடங்குகிறது. இது எல்லாப் பெண்களுக்கும் நேர்வது.

சிறுநீரக நோயாளிக்கு இன்னொரு ஹார்மோனாலும் பாதிப்பு வருகிறது. கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், பொதுவாக நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. சிறுநீரகம் கெட்டதும் பாஸ்பேட் என்னும் உப்பு இரத்தத்தில் தேங்குகிறது. வைட்டமின் டி-யை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் வேலையும் குறைந்துவிடுகிறது. இதனால் இரத்தத்தில் கால்சியம் குறைகிறது. அதை ஈடுகட்ட இச்சுரப்பிகள் அளவுக்கு அதிகமாக ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன.

தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இருக்காது. பின்னர் எலும்பு வலி, உடல் அரிப்பு, நாற்காலியிலிருந்து எழ முடியாத தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றலாம். சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

கால்சியம் மாத்திரை எதற்கு?

மருத்துவர் தரும் கால்சியம் கார்பனேட் மாத்திரை பெரும்பாலும் எலும்புக்காக அல்ல. உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து, மலத்தோடு வெளியேற்றுவதற்காக. ஆகவே அதைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அந்தப் பயன் கிடைக்காது. கால்சியம்தான் இரத்தத்தில் ஏறும்.

கூடுதல் கால்சியம் இரத்தக் குழாய்களில் படியக்கூடும். பாராதைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்துபோய், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மந்தமாகலாம். இந்த ஹார்மோன் கூடினாலும் கெடுதல், மிகவும் குறைந்தாலும் கெடுதல்.

மற்றவருக்குக் கொடுத்த மருந்து வேண்டாம்

எலும்புத் தேய்மானத்துக்குப் போடப்படும் டெனோசுமாப் ஊசி, டயாலிசிஸ் நோயாளிகளின் கால்சியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் இதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. எலும்பு மருந்தோ ஹார்மோன் மாத்திரையோ, உங்கள் சிறுநீரக மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். முறைக்கு 4 மணி நேரம் என்றால், வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் மட்டுமே இரத்தம் சுத்தமாகிறது.

• கோலா பானம், உடனடி மீ, சோசேஜ், டின் சார்டின், கருவாடு, நெத்திலி ஆகியவற்றைக் குறையுங்கள். பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உடலில் எளிதில் சேர்ந்துவிடும். ஆனால் புது மீன், கோழி, முட்டையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். உடலுக்குப் புரதம் தேவை. அளவை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

• வலிக்கு ஜாமு, பதிவில்லாத நாட்டு மருந்து வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும்.

• டயாலிசிஸ் முடிந்ததும் உடனே எழாதீர்கள். இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். சற்று உட்கார்ந்து, பிறகு எழுங்கள். குளியலறைத் தரையை ஈரமின்றி வைத்திருங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும்.

உடனே உதவி தேடுங்கள்

விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டால் 999 எண்ணை அழையுங்கள். வாயைச் சுற்றியோ விரல்களிலோ மரமரப்பு, கைகால் இழுப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கால்சியம், பாஸ்பேட் அளவை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பாராதைராய்டு ஹார்மோனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதிப்பது வழக்கம். அடுத்த முறை டயாலிசிஸுக்குச் செல்லும்போது தாதியிடம் கேளுங்கள்: "என் பாராதைராய்டு ஹார்மோன் அளவு எவ்வளவு? போன முறையைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?" பதிலை ஒரு புத்தகத்தில் குறித்து வையுங்கள்.