பரீட்சை திரைக்குத்தான், உங்களுக்கு அல்ல

செயலியை ஒருவர் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றே பதில் வரும். அதே செயலியில் ஒரு கடன் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் திரையையே பார்ப்பார். பிறகு போனை நம்மிடமே நீட்டி, "எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல, பையன் வந்தா போட்டுத் தருவான்" என்பார்.

திரை வடிவமைக்கும் என் வேலையில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான்; அதிகம் வருத்தியதும் இதுதான். சுயஉதவிக் குழுப் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் ஒப்படைக்கும் ஒருவர், திரை குழப்பியதற்குத் தன் படிப்பைக் குறை சொல்கிறார். அந்தப் பழியை அவர் தலையிலிருந்து இறக்கித் திரையின் மேல் வைப்பதுதான் பயனர் சோதனை. அதை எப்படிச் செய்வது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

கருத்து கேட்காதீர்கள், வேலை கொடுங்கள்

நம் மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். தேடி வந்தவரிடம் "உங்கள் செயலி புரியவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதனால் "பிடித்திருக்கிறதா", "எளிதாக இருக்கிறதா" போன்ற கேள்விகளை நான் கேட்பதே இல்லை. "போன மாசத் தவணை கட்டியாச்சான்னு இதுல பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு வேலை கொடுப்பேன். அந்த வேலை அவர்கள் வாழ்க்கையில் உண்மையாகவே செய்வதாக இருக்க வேண்டும். திரையில் உள்ள சொல்லை நம் கேள்வியில் சொல்லிவிடவும் கூடாது. 'தவணை நிலை' என்று பொத்தானில் இருக்கும்போது நாமும் அதையே சொன்னால், அவர்கள் எழுத்தைத் தேடி அழுத்திவிடுவார்கள். சோதனை அங்கேயே வீணாகிவிடும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "பரீட்சை உங்களுக்கு இல்லீங்க, இந்தத் திரைக்கு. நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க நாங்க சரி பண்ணணும்." நடுவில் "இதை அழுத்தணுமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்லாதீர்கள். "நீங்க தனியா இருந்தா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்து விரல் எங்கே போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருவராக உட்கார வையுங்கள்

மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செயலியைப் பயன்படுத்தச் சொல்வது பழைய முறை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கிளேடன் லூயிஸ் 1982இல் அதை எழுதி வைத்தார். ஆனால் அறிமுகமில்லாதவர் எதிரே உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவது பலருக்குக் கூச்சம். பக்கத்து வீட்டுக்காரர், தோழி, ஓரகத்தி என்று பழகிய இருவரிடம் ஒரே போனைக் கொடுத்தால் கூச்சம் போய்விடும். "அக்கா, அது இல்ல, மேல மூணு கோடு இருக்கு பாருங்க", "அதை அழுத்துனா பணம் போயிருமோ?" என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். அந்த "போயிருமோ" என்ற பயம் எந்தக் கேள்வித்தாளிலும் வராது. போன் மட்டும் ஒருவர் கையிலேயே தங்கிவிடாதபடி, ஒவ்வொரு வேலைக்கும் கை மாற்றச் சொல்லுங்கள்.

பெயர்க் கட்டமும் ஓடிபியும்

சோதனைக்கு வந்த ஒரு படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். இரண்டாவதில் நின்றார். "கடைசிப் பேருன்னா அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். இனிஷியலைப் போட்டுப் புள்ளி வைத்தார். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வந்தது. புள்ளியை அழித்தார், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. கடைசியில் தன் பெயரையே இரண்டாவது கட்டத்திலும் எழுதி அனுப்பினார். திரை ஏற்றுக்கொண்டது.

ஆதாரோடு ஒத்துப்போகாத அந்தப் பெயரால் விண்ணப்பம் பிறகு எங்கோ தேங்கும், அலைவது அவர்தான். தீர்வு சிறியது. ஒரே கட்டம், 'ஆதார் அட்டையில் உள்ளபடி பெயர்' என்ற குறிப்பு, கீழே ஒரு மாதிரி. புள்ளிக்கும் இடைவெளிக்கும் தடை வேண்டாம். பிழைச் செய்தி எதுவானாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஓடிபி இன்னொரு கண்டம். எண் குறுஞ்செய்தியில் வரும். அதைப் பார்க்கச் செயலியை விட்டு வெளியே போவார்கள். எண்ணை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தால், படிவம் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். நிரப்பியதெல்லாம் போய்விட்டிருக்கும். பல வீடுகளில் வங்கியோடு இணைத்த எண் வெளியூரில் வேலை செய்யும் மகனுடையது. அவனுக்குப் போன் போட்டு எண்ணைக் கேட்டு எழுதுவதற்குள் திரை கொடுத்த முப்பது விநாடி ஓடிவிடும். ஆகவே நிரப்பியது அழியக் கூடாது. நேரம் ஒரு போன் பேச்சுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். குறுஞ்செய்தி அதே போனுக்கு வந்தால் எண்ணைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அவர்கள் போனில், அவர்கள் இடத்தில்

அலுவலகத்துப் புது போனில் எல்லாமே நன்றாக ஓடும். அவர்களுடைய போனில் பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்பது ஏற்கெனவே திணறும். எழுத்து பெரிதானதும் 'சமர்ப்' என்று பாதியில் நிற்கும். 'கீ'யின் மேல்சுழியும் 'பூ'வின் கீழ்வளைவும் வரியிடைவெளி போதாமல் வெட்டுப்படும்.

வெயிலில் நின்று பாருங்கள். சாம்பல் நிற எழுத்து அங்கே காணாமல் போகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்கிறது சர்வதேச அணுகல்தன்மை நெறிமுறை. அதைக் கீழ் எல்லையாகக் கொள்ளுங்கள், இலக்காக அல்ல.

சிக்னல் குறைந்த இடத்திலும் பாருங்கள். 'பணம் செலுத்து' என்பதை அழுத்திய பிறகு திரை அசையாமல் இருந்தால், மறுபடி அழுத்துவார்கள். ஒரு விநாடிக்கு மேல் எதுவும் நடக்காவிட்டால் மனிதரின் யோசனை ஓட்டம் அறுந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதியிருக்கிறார். அழுத்திய உடனே பொத்தானை முடக்கி, 'பணம் போய்க்கொண்டிருக்கிறது, காத்திருங்கள்' என்று காட்டுங்கள்.

உண்மையான ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ சோதனையில் வாங்காதீர்கள். மாதிரி எண்களை அட்டையில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அது அவர்களுடைய கூலி நேரம்.

எத்தனை பேர் போதும்?

ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சனின் கணக்கு. ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் இடறுவார்கள் என்ற அடிப்படையில் வந்தது அது. விவசாயி, கடைக்காரர், கல்லூரி மாணவி என்று பயனர்கள் வேறுபட்டால் ஒவ்வொரு வகைக்கும் தனியாகச் சிலரைப் பார்க்க வேண்டும். பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரைப் பார்ப்பது மேல். முதல் சுற்றுக்குச் செயலியே தேவையில்லை. திரைகளைத் தாளில் வரைந்து, விரல் வைக்கும் இடத்துக்கேற்ப அடுத்த தாளை நீட்டினால் போதும். தாளில் பென்சிலால் போட்டதைப் பார்த்தால் "இது சரியில்லை" என்று சொல்லும் துணிச்சலும் வருகிறது.

கிடைத்த குறைகளை மூன்றாகப் பிரிப்பேன்: வேலையை நிறுத்தியவை, தாமதப்படுத்தியவை, எரிச்சல் மட்டும் தந்தவை. அடுத்த சுற்றுக்குள் முதல் வகை முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். மற்றவை காத்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. சோதனைக்கு டெவலப்பரையும் கூடவே அழைத்துப் போங்கள். பக்கம் பக்கமாக அறிக்கை எழுதி அனுப்பினால் "பயனருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்" என்று பதில் வரும். தான் எழுதிய படிவத்தின் முன் ஒரு பெரியவர் "எனக்குத் தெரியலப்பா" என்று தலைகுனிவதை நேரில் பார்த்தவர் அப்படிச் சொல்வதில்லை. அடுத்த வெளியீட்டுக்கு முன், உங்கள் செயலியை இதுவரை பார்த்திராத ஐந்து பேரோடு போய் உட்காருங்கள். அவர்கள் தடுமாறும் ஒவ்வொரு இடமும் நாம் திருத்த வேண்டிய இடம்.