முள்ளம்பன்றி: சில ஐயங்களும் விளக்கங்களும்

மலையடிவாரத்துச் சங்கங்களுக்குச் செல்லுங்கால், உறுப்பினர்கள் வட்டிக் கணக்கைப் பற்றிக் கேட்பதைவிட முள்ளம்பன்றியைப் பற்றியே மிகுதியாகக் கேட்கின்றனர். அதில் வியப்பில்லை. பயிர்க்கடன் பெற்று மரவள்ளியோ நிலக்கடலையோ பயிரிட்டவருக்கு ஓரிரவுச் சேதமும் தவணையைத் தொடும். ஆகவே அவ்வினாக்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை கூற முற்படுகிறேன்.

பெயரில் பன்றி இருப்பினும் இது பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணியாகும். இதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வளைவாயிலில் மாட்டெலும்பு கிடக்கக் கண்டு, ‘இது ஊன் தின்னும்’ என்போர் உளர். கிழங்கு, வேர், பட்டை, கனி இவையே இதன் உணவு. எலும்பைக் கொறிப்பது பல் தேய்வதற்கும் சுண்ணாம்புச் சத்துப் பெறுவதற்குமே.

முள்ளை அம்புபோல் எய்யுமா என்பதே எல்லா ஊர்களிலும் எழும் வினா. எய்யாது. பழந்தமிழில் இதனை ‘எய்’ என்றே வழங்கினர். அப்பெயரின் ஓசையே இந்நம்பிக்கைக்கு இடந்தந்தது போலும். முள் என்பது தடித்து இறுகிய மயிரேயாகும். பகை நெருங்கினால் முட்களைச் சிலிர்த்து, வாலிலுள்ள குழல்முட்களைக் கலகலவென ஒலிக்கச் செய்து எச்சரிக்கும். அப்பொழுதும் விலகாவிடில் பின்புறமாகப் பாய்ந்து மோதும். எளிதில் கழன்றுவிடும் முட்கள் பகையின் உடலில் தைத்துத் தங்கிவிடும். இமயமலைச் சாரலில் முக்தேசர் என்னுமிடத்தில் 24 பேரைக் கொன்ற பெண்புலியைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதியுள்ளார். முள்ளம்பன்றியுடன் பொருததில் அப்புலி ஒரு கண்ணை இழந்தது. ஏறத்தாழ 50 முட்கள் அதன் முன்காலில் தைத்திருந்தன. நாய் வளர்ப்போர் இதனை நினைவிற்கொள்க.

இனிப் பயிருக்கு வருவோம். சேதம் செய்தது காட்டுப்பன்றியா முள்ளம்பன்றியா என்று முதலில் அறிதல் வேண்டும். காட்டுப்பன்றி நிலத்தை அகலமாகக் கிளறிப் போடும். முள்ளம்பன்றியோ கிழங்கிலும் தென்னங்கன்றின் அடியிலும் உளியால் செதுக்கினாற்போன்ற பல்தடம் விட்டுச்செல்லும். உதிர்ந்த முள்ளும் கிடைக்கலாம். ஆணும் பெண்ணும் ஒரே வளையில் இணைந்து வாழ்வன; பகலில் வளைக்குள் கிடந்து, இரவில் பெரும்பாலும் பழகிய தடத்திலேயே வரும். ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே பிறப்பதால் எலியைப்போல் பெருகுவதுமில்லை.

இதற்கு ஏறத் தெரியாது, தோண்டத் தெரியும். எனவே வேலியின் உயரத்தைவிட ஆழமே முக்கியம். கம்பிவலையின் அடிப்பகுதியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்தல் நன்று. நைலான் வலையைக் கடித்துவிடும். கன்று ஒவ்வொன்றுக்கும் கம்பிவலைக் கூடு இடுவது சிறு விவசாயிக்கு இயலக்கூடியது. காட்டோரத்தில் அடுத்தடுத்து நிலமுடைய ஐந்தாறு உறுப்பினர்கள் தனித்தனியே வேலியிடுவதைவிட, எல்லார் நிலத்தையும் சேர்த்து ஒரே வேலியாக வளைத்தால் கம்பிச் செலவு வெகுவாகக் குறையும்.

சுருக்குக் கம்பி வைப்பதும், அவுட்டுக்காய் போடுவதும், மின்கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் இழுப்பதும் கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முள்ளம்பன்றியைக் கொல்வது குற்றம். வேலி மின்சாரத்தால் யானைகளும், இருளில் நீர்பாய்ச்சச் சென்ற மனிதர்களும் மாண்டிருக்கின்றனர். இதன் இறைச்சி இழைப்பு நோயைத் தீர்க்கும் என்று சிலர் நம்பி வேட்டையாடுகின்றனர். அதற்கு மருத்துவ ஆதாரம் ஏதுமில்லை. சீமந்தத்தில் வகிடெடுக்க முள் வேண்டுவோர், வளையருகே உதிர்ந்து கிடப்பதைக்கூட வனத்துறையினரைக் கேட்ட பின்னரே எடுத்தல் தகும்.