“எஃப்டி மாதிரிதான் சார்”னு பாலிசி வித்துட்டாங்களா? கேஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சம்பள அக்கவுண்ட் இருக்கிற பேங்குக்கு எஃப்டி போடப் போய், கையில் இன்சூரன்ஸ் பாலிசியோடு திரும்பி வருவது நம்ம ஊரில் புதுசு இல்லை. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளம் மாதம் 35,000 ரூபாய். “எஃப்டி மாதிரிதான் சார், ஒரு தடவை போட்டா போதும், அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம்” என்கிறார்கள். 60,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அடுத்த வருடம் “உங்கள் பிரீமியம் நிலுவையில் உள்ளது” என்று மெசேஜ் வருகிறது. அப்போதுதான் பாலிசியைத் திறந்து பார்க்கிறீர்கள்: 10 வருடம் கட்ட வேண்டும், 20 வருடம் கழித்துத்தான் முதிர்வு. மொத்தம் 6 லட்சம்!

“கேஸ் போட்டா ஜெயிக்குமா?” இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. பதில், யார் கையில் என்ன பேப்பர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கம்பெனி தரப்பில் முதலில் வருவது நீங்கள் கையெழுத்துப் போட்ட ப்ரொபோசல் ஃபார்ம். அடுத்து, 4 சதவீதம், 8 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன். அதிலும் உங்கள் கையெழுத்து. மூன்றாவதுதான் ஆபத்தானது: பாலிசி கொடுப்பதற்கு முன்னால் வருகிற வெரிஃபிகேஷன் காலின் ரெக்கார்டிங். “எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க சார், சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்று விற்றவர் சொல்லிக்கொடுத்திருப்பார். நீங்களும் பத்து வருடம் கட்டச் சம்மதமா என்ற கேள்விக்கு எஸ் சொல்லியிருப்பீர்கள். இத்தனைக்கும் எதிராக உங்களிடம் இருப்பது, கிளையில் அவர் வாயால் சொன்ன ஒரு வார்த்தை. மிஸ்செல்லிங் புகார்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையா? அப்படியானால் கேஸே தேவையில்லை. ஃப்ரீ லுக் காலத்தில் ரத்து செய்யலாம். ஸ்டாம்ப் டூட்டி, மெடிக்கல் செலவு, கவரேஜ் இருந்த நாட்களுக்கான ரிஸ்க் பிரீமியம் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்று கிளையில் இழுத்தடிப்பார்கள். அவர்களை நம்பிக் காத்திருக்காமல் நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்கே ஈமெயில் போடுங்கள்.

30 நாள் தாண்டிவிட்டது என்றால் முதல் வேலை ப்ரொபோசல் ஃபார்மின் நகலை எடுத்து வரி வரியாகப் படிப்பது. பாலிசியோடு அது வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். குறிப்பாக வருமானம் என்கிற கட்டத்தைப் பாருங்கள். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 4,20,000. ஃபார்மில் 9 லட்சம் என்று போட்டிருந்தால், அது நீங்கள் நிரப்பிய ஃபார்ம் இல்லை என்பதற்கு உங்கள் சம்பள ஸ்லிப்பே சாட்சி. வேலை, மொபைல் எண், ஈமெயில் எல்லாம் சரிபாருங்கள். ஈமெயிலே வேறு யாருடையதோவாக இருந்தால், பாலிசி உங்களுக்கு வந்து சேரவே இல்லை என்று வாதிட இடம் கிடைக்கும்.

அடுத்து, வாய் வார்த்தையை எழுத்தாக மாற்றுங்கள். விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். “சார், ஒரு தடவை கட்டினா போதும்னு சொன்னீங்களே, இப்போ ரினியூவல் கேட்கிறாங்க, என்ன பண்ணணும்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். “பாத்துக்கலாம் சார், கம்பெனில பேசறேன்” என்று ஒரு பதில் வந்தாலே உங்களுக்கு லாபம். வெரிஃபிகேஷன் கால் ரெக்கார்டிங்கையும் எழுதிக் கேளுங்கள்.

இனி புகார். இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் கிடையாது, நீங்களே பேசலாம். 50 லட்சம் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அவர் தரும் அவார்டு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே ஆணையத்தில் கேஸ் போட்டுவிட்டால் ஓம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். அதனால்தான் வரிசை என்றேன்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2019 சட்டப்படி கெடு 2 வருடம். இதைப் பாலிசி கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. கம்பெனிக்கு ஈமெயில் மேல் ஈமெயில் அனுப்பிக்கொண்டிருப்பதால் கெடு நீளாது. ஓம்புட்ஸ்மேனிடம் இருக்கும்போதும் காலண்டரில் ஒரு கண் இருக்கட்டும். நீங்கள் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே தாக்கல் செய்யலாம், ஆன்லைனிலும் முடியும். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இங்கேயும் வக்கீல் கட்டாயமில்லை.

மனுவில் கம்பெனியோடு பேங்கையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். கம்பெனியை மட்டும் சேர்த்தால் “வித்தது பேங்க்” என்பார்கள், பேங்கை மட்டும் சேர்த்தால் “பாலிசி அவங்களோடது” என்பார்கள். கட்டிய பிரீமியம், அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். சீக்கிரம் முடியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சட்டத்தில் மாதக்கணக்கு, நிஜத்தில் அதைவிட அதிகம்.

கையெழுத்தே உங்களுடையது இல்லை என்றால் விஷயம் வேறு. அது போலீஸ் புகாருக்கு உரியது. கையெழுத்துப் பரிசோதனை, சாட்சி விசாரணை என்று நீளும் மோசடி வழக்குகளை நுகர்வோர் ஆணையம் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

புகார் நடக்கும்போது “சரண்டர் பண்ணிடுங்க, வர்றது வரட்டும்” என்று ஒருவர் போன் பண்ணுவார். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிற எந்தப் பேப்பரிலும் அப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த வாய்தாவில் அதையே கொண்டுவந்து நீட்டுவார்கள்.