போஸ்ட்கிரெஸ் பயில்வோர்க்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தரவுத்தளம் கற்கப் புகுந்த மாணாக்கர் பலர், அதிலுள்ள ஃபங்ஷன்களையும் கீவேர்டுகளையும் நிகண்டைப் போல மனனம் செய்தாலன்றி அவ்வித்தை சித்திக்காது என்று கருதி, கையேட்டின் பின்னிணைப்புகளை நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீண் சிரமம். தரவுத்தளமானது தன்னைப் பற்றிய விவரங்களையும் அட்டவணைகளாகவே வைத்திருந்து, ஏனைய தகவல்களைக் கேட்கும் அதே மொழியில் கேட்டால் அவற்றையும் சொல்ல வேண்டும் என்பது, எட்கர் காட் 1985-இல் வெளியிட்ட விதிகளுள் நான்காவது. போஸ்ட்கிரெஸ் அதனைச் செவ்வனே அனுசரிக்கிறது. அதன் ஃபங்ஷன் ஒவ்வொன்றும் பிஜி_ப்ராக் என்னும் அட்டவணையில் ஒரு வரிசையாகப் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால், பிஎஸ்க்யூஎல் திரையில் பின்சாய்வுக் கோடும் டிஎஃப் என்ற ஈரெழுத்தும் இட்ட மாத்திரத்தில் யாவும் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவருமுண்டு. புதிய தரவுத்தளத்தில் அவ்வாறு இட்டால் வெறும் பட்டியலே கிட்டும். ஏனெனில் அக்கட்டளை நாமாக இயற்றியவற்றை மட்டுமே காட்டும். உள்ளமைந்தவற்றையும் காண விரும்பினால் ஈற்றில் பெரிய எஸ் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அன்றேல், பெயரின் ஒரு துண்டை இரு நட்சத்திரக் குறிகளுக்கிடையே தர வேண்டும். ட்ரிம் என்ற துண்டைத் தந்து பாருங்கள்: பிட்ரிம், எல்ட்ரிம், ஆர்ட்ரிம் முதலியவை, தாம் ஏற்கும் மதிப்புகளின் வகையையும் திருப்பித் தரும் வகையையும் ஏந்தி வருகின்றன, நாள்தோறும் நாம் எழுதும் ட்ரிம் மட்டும் வருவதில்லை! கோஅலெஸ் என்று தேடினாலும் ஒன்றும் அகப்படாது. இவை மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெற்றுவிட்ட கீவேர்டுகள். ட்ரிம் என்று எழுதினால் உள்ளே அழைக்கப்படுவது பிட்ரிம்தான். கோஅலெஸின் சுபாவமோ வேறு: சாதாரண ஃபங்ஷன் தனக்குத் தரப்பட்ட யாவும் கணக்கிடப்பட்ட பின்னரே வேலையைத் தொடங்குவதாயிருக்க, இது ‘நல்’ அல்லாத முதல் மதிப்பைக் கண்டவுடனே, மீதியைக் கணக்கிடாமல் நின்றுவிடுகிறது.

கீவேர்டுகளைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது வெறும் வழக்கம், விதியன்று.

கீவேர்டு எதையும் பத்திக்குப் பெயராக வைக்கலாகாது என்ற அச்சமும் மிகையானதே. பிஜி_கெட்_கீவேர்ட்ஸ் என்னும் ஃபங்ஷனைக் கேட்டால், அச்சொற்களை நான்கு வகுப்பாகப் பிரித்துக் காட்டும்; செலக்ட், டேபிள் போன்றவை முற்றும் ஒதுக்கப்பட்டவை, நேம், வேல்யூ போன்றவை தடையற்றவை, ஏனைய இரு வகுப்புகள் இடைப்பட்டவை. இப்பாகுபாடு ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் வேறுபடும்; பதிப்புக்குப் பதிப்பு மாறவும் கூடும். மைஎஸ்க்யூஎல்லின் எட்டாம் பதிப்பு ரேங்க் என்ற சொல்லை ஒதுக்கிக்கொண்டபோது, அதுவரை அதனைப் பத்திப் பெயராகக் கொண்டு ஓடிக்கொண்டிருந்த வினவல்கள் திடீரெனப் பிழைபட்டன.

ஒதுக்கப்பட்ட சொல்லையும் போஸ்ட்கிரெஸில் இரட்டை மேற்கோளுக்குள் இட்டுப் பெயராக்கிவிடலாம். ஆயினும் யூசர் என்ற சொல்லுக்கு அஞ்சுவது நியாயமே. அப்பெயரில் ஒரு பத்தியை மேற்கோளிட்டு அமைத்துவிட்டு, பின்னர் மேற்கோளை மறந்து செலக்ட் யூசர் என்று கேட்டால், பிழைச் செய்தி எதுவும் வராது. பத்தியிலுள்ள பெயர்களுக்குப் பதிலாக, நாம் உள்நுழைந்திருக்கும் கணக்கின் பெயரே வரிசைதோறும் வந்து நிற்கும்.