ஏழேழாய் எண்ணிய சிறுமி: ஓர் இளையோர் புதினமும் இழப்பில் முளைத்த உறவும்

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைப் பாடஞ்சொல்லும் போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. வள்ளல் மாய்ந்தான், புலவர் புலம்பினார், பாணரும் இரவலரும் கலங்கினர். அவன் விட்டுச்சென்ற குழந்தையை அன்றிரவு தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றவர் யார்?

இவ்வினாவிற்குச் சங்க இலக்கியம் விடை தரும் இடம் பாரிமகளிர் வரலாறு. அவர்கள் பாடியதாக அமைந்த 112ஆம் பாட்டு, சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் எதிரெதிரே நிறுத்தி, இடையில் தந்தை இல்லாமற்போனதை உணர்த்துவது. தந்தையை இழந்த அம்மகளிரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் குருதியுறவினர் எவருமல்லர். தந்தையின் நண்பராகிய கபிலர். விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இருவரும் அம்மகளிரை ஏற்றாரல்லர். இறுதியில் அவர்களைப் பார்ப்பாரிடம் அடைக்கலப்படுத்தியதைப் பழைய அடிக்குறிப்புகள் தெரிவிக்கின்றன. புலம்பலைக் காட்டிலும் இந்த நடைப்பயணமே நம்மை மிகுதியும் வருத்துவது. ஆயினும் தேர்வு வினாத்தாளில் இந்நடை ஒருபோதும் இடம்பெறுவதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

அமெரிக்க எழுத்தாளர் ஹாலி கோல்ட்பெர்க் ஸ்லோன் எழுதி 2013ஆம் ஆண்டு வெளிவந்த 'கவுண்டிங் பை செவன்ஸ்' என்னும் புதினத்தைப் படித்தபோது அதே வினா மீண்டும் எழுந்தது. 'ஏழேழாய் எண்ணுதல்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

இளையோர் புதினம் என்னும் வகை ஆங்கிலத்தில் தனித்து வளர்ந்த ஒன்று. 1967இல் எஸ்.இ.ஹிண்டன் பள்ளிப் பருவத்திலேயே எழுதத் தொடங்கி வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. அதிலும் பெற்றோரைச் சாலை விபத்தில் இழந்த பிள்ளைகளே நடுநாயகம். எனினும் அங்கே மூன்று உடன்பிறந்தார் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கின்றனர். ஸ்லோனின் நாயகிக்கோ உடன்பிறந்தாரும் இல்லை. ஏற்றுக்கொள்ளும் நிலையில் சுற்றத்தாரும் இல்லை.

கலிபோர்னியா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளும் வேளாண்மையும் சூழ்ந்த பேக்கர்ஸ்ஃபீல்டு நகரமே கதைக்களம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் ஏறத்தாழ ஆறு அங்குலமே தேறும் வறண்ட நிலம் அது. அங்கு வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி வில்லோ சான்ஸ். வில்லோ என்பது ஒரு மரத்தின் பெயர். அவள் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள். நிறத்தால் பெற்றோரினின்றும் வேறுபட்டவள். அறிவால் தன் வயதினர் அனைவரினின்றும் வேறுபட்டவள். செடிகொடிகளையும் மனிதரின் நோய்களையும் ஆராய்வது அவளுக்குப் பொழுதுபோக்கு. மனம் கலங்கும்போது ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என ஏழேழாய் எண்ணி அமைதியடைவது அவள் வழக்கம்.

புதிய பள்ளியில் வைக்கப்பட்ட பொதுத்தேர்வு ஒன்றில் அவள் மிகக் குறைந்த நேரத்தில் முழு மதிப்பெண் பெறுகிறாள். பள்ளி மகிழவில்லை, ஐயுறுகிறது. ஏமாற்றி எழுதியிருப்பாள் என்று கருதி டெல் டியூக் என்னும் ஆலோசகரிடம் அனுப்புகிறது. அங்கே வியட்நாமியக் குடும்பத்துப் பிள்ளைகளாகிய மாய், குவாங்-ஹா இருவரையும் அவள் சந்திக்கிறாள். மாயுடன் பேசவேண்டும் என்பதற்காகவே வியட்நாமிய மொழியைக் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் டெல்லுடனும் அவ்விருவருடனும் பனிக்கூழ் உண்டு வீடு திரும்பும்போது, வாயிலில் காவல்துறையின் வண்டி நிற்கிறது. தாயும் தந்தையும் சாலை விபத்தில் ஒருசேர மாண்டுபோயினர்.

ஆசிரியர் இச்செய்தியைக் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் பின்னரே முன்கதைக்குச் செல்கிறார். ஆகவே அச்சிறுமியின் மகிழ்ச்சியான நாட்களைப் படிக்கும்போதெல்லாம், அவள் அறியாத ஒன்றை நாம் அறிந்தவராய் இருக்கிறோம். தந்தை தோட்டத்தில் நிற்பதும் தாய் உணவு சமைப்பதும்கூட நெஞ்சை அழுத்துகின்றன. பாரிமகளிரின் இரண்டு நிலவுகளைப் போலவே இங்கும் காலம் இரண்டாகப் பிளந்துகிடக்கிறது. வில்லோ தன் பகுதிகளைத் தானே சொல்லுகிறாள். ஏனையோரின் பகுதிகளை ஆசிரியர் படர்க்கையில் சொல்லுகிறார். துயருற்றவளின் கண்ணுக்குப் புலப்படாத பிறர் துயரங்களை நாம் காண இவ்வமைப்பு வழிசெய்கிறது.

இனி அந்த முதல் இரவுக்கு வருவோம். அரசு விடுதிக்கு அவளை அனுப்பும் ஏற்பாடுகள் தொடங்கவிருந்த வேளையில் மாய் குறுக்கிட்டு, தன் குடும்பம் இவளை நெடுங்காலமாக அறியும் என்று ஒரு பொய் சொல்லுகிறாள். அவளுடைய தாய் பாட்டி நுயென், மகளின் சொல்லைத் தன் சொல்லாக ஏற்றுக்கொள்கிறாள். (பாட்டி என்பது இங்கே முறைப்பெயரன்று; அப்பெண்ணின் பெயரே அது.) அவள் ஒரு நகப்பூச்சு நிலையம் நடத்துபவள். இத்தொழில் வியட்நாமியப் பெண்களிடையே பரவிய வரலாறு சுவையானது. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் கலிபோர்னியாவுக்கு வந்த அகதிப் பெண்களுள் இருபதின்மருக்கு இத்தொழில் பயில ஏற்பாடு செய்தவர் டிப்பி ஹெட்ரன் என்னும் திரைப்பட நடிகை என்பர். நாடிழந்தோர் பிறர் நகங்களை அழகுசெய்து வாழ்ந்த பின்புலத்தில்தான் பாட்டியின் கடையை நாம் காணவேண்டும்.

அக்கடைக்குப் பின்னால் உள்ள வண்டிக்கொட்டகையே அக்குடும்பத்தின் வீடு. தரையில் மெத்தைகள் நெருக்கிப் போடப்பட்டிருக்கும். அந்நெருக்கத்தில்தான் வில்லோவுக்கு இடம் கிடைக்கிறது. குவாங்-ஹாவுக்கு அவள் வரவு பிடிக்கவில்லை. அதை அவன் மறைப்பதுமில்லை. இந்த முகச்சுளிப்பை ஆசிரியர் விட்டுவைத்தது நன்று. உறங்கும் இடத்தில் பாதியைத் திடீரென இழந்த பதினைந்து வயதுப் பையன் அன்றிரவே அண்ணனாகிவிட்டான் என்றால் நாம் நம்பியிருக்கமாட்டோம். பாட்டியும் ஆறுதல் மொழிகளை அடுக்குவதில்லை. உணவு இடுகிறாள், படுக்க இடம் விடுகிறாள், மறுநாள் கடையைத் திறக்கிறாள்.

வில்லோ எண்ணுவதை நிறுத்திவிடுகிறாள். செடிகளைப் பற்றியும் சிந்திப்பதில்லை. புத்தகத்தின் தலைப்பே கதையினின்றும் மறைந்துபோகிறது எனலாம். அழுகைக் காட்சிகளை நிறைத்திருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் இவ்வெறுமையை வைக்கிறார்; துயரத்தின் இயல்பை அவர் அறிந்தவர் என்பதற்கு இது சான்று. எலிசபெத் கியூப்லர்-ராஸ் 1969இல் எழுதிய நூலில் கூறிய ஐந்து நிலைகளைப் படிக்கட்டுகளாகக் கருதித் துயருற்றோரை ஏற்றியிறக்குவோர் நம்மிடையே உண்டு. அவர் அந்நிலைகளைச் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைக் கண்டு எழுதினார் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். வில்லோ எந்தப் படியிலும் ஏறுவதாகத் தெரியவில்லை. தரையில் அமர்ந்திருக்கிறாள், அவ்வளவே.

ஆசிரியப் பணியிலுள்ள நம்மை மிகவும் உறுத்தும் பாத்திரம் டெல் டியூக். மாணவரை ஆற்றுப்படுத்துவதற்கென்றே ஊதியம் பெறும் இவர், தம்மிடம் வரும் பிள்ளைகளைச் சில பெயர்களின்கீழ் வகைப்படுத்தி வைத்துக்கொண்டு பணி முடிந்ததாகக் கருதுபவர். பொருந்தாதவர், விந்தையர், தனித்திரிபவர் எனப் பெட்டிகள் ஆயத்தமாக உள்ளன. பிள்ளையைப் பெட்டியில் இடுவதே குறை. நாமும் வருகைப்பதிவேட்டைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுகிறோம் அல்லவா? வில்லோவோ இவருடைய எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை.

பாட்டி அரசு அலுவலர்க்கு அளித்த முகவரி டெல்லின் குடியிருப்பு. பொய் வெளிப்படாதிருக்க வேண்டுமானால் அவர்கள் அங்கே வாழ்ந்தாகவேண்டும். குப்பையும் சோம்பலும் மண்டிய அவ்வீடு துப்புரவாக்கப்படுகிறது. தம் வீட்டையே அவர் விட்டுக்கொடுக்க நேர்கிறது. நகைச்சுவையாக எழுதப்பட்ட பகுதி இது. ஆயினும் நாம் கருதுவது வேறு. டெல் எவரையும் இழந்தவராகக் காட்டப்படவில்லை. இழப்பதற்கு அவருக்கு எவருமே இருந்ததில்லை. துயரமுற்ற சிறுமியைக் காக்க வந்த கூட்டத்தில் அச்சிறுமியால் மிகுதியும் காக்கப்பட்டவர் அவரே.

வாடகை வண்டி ஓட்டும் ஹைரோ எர்னாண்டஸ் என்னும் மெக்சிகோ வழியினர் இக்கூட்டத்தில் இன்னொருவர். அவர் கழுத்திலிருந்த மச்சம் ஒன்றைக் கண்டு, மருத்துவரிடம் காட்டுமாறு வில்லோ எச்சரிக்கிறாள். அன்றுமுதல் அவர் அவளைத் தமக்கு நல்வழி காட்ட வந்தவளாகவே கருதி, கைவிட்ட கல்வியை மீண்டும் தொடர்கிறார்.

டெல் வாழும் குடியிருப்பின் பெயரில் 'தோட்டங்கள்' என்னும் சொல் உண்டு. முற்றத்திலோ எரிமலைக் கற்களன்றிப் பசுமை இல்லை. வில்லோ மெல்ல மீண்டெழும்போது அக்கற்களை அகற்றச் செய்து அங்கே பயிரிடத் தொடங்குகிறாள். முகம் கொடுத்துப் பேசாதிருந்த குவாங்-ஹாவும் இவ்வேலையில் கைகொடுக்கிறான். துயரத்தைப் பேசித் தீர்க்க அமர்ந்த காட்சி இப்புதினத்தில் அரிது. கல் பொறுக்கிய காட்சிகளோ பல.

நம் கல்லூரி வாசகர்க்கு இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வரும். எத்தீம்களைப் பற்றித் திருக்குர்ஆன் பல இடங்களில் பேசுகிறது. 'அள்ளுஹா', 'அல்மாஊன்' என்னும் அத்தியாயங்கள் நம் சிறார்க்கும் மனப்பாடம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன் தந்தையையும் ஆறாம் வயதில் தாயையும் இழந்தவர்கள். எத்தீமைப் பொறுப்பேற்பவரும் தாமும் மறுமையில் இரு விரல்களைப் போல் அருகருகே இருப்பதாக அவர்கள் உரைத்ததும் நாம் அறிந்ததே. வளர்ப்போர், பிள்ளையை அதன் தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்பது நம் மார்க்கத்தின் நெறி. ஸ்லோன் இவற்றை எண்ணி எழுதினார் என்பது நம் கருத்தன்று. எனினும் கதையின் முடிவில் பாட்டியும் ஹைரோவும் நீதிமன்றத்தில் இணைந்து கேட்பது காப்பாளர் உரிமையையே. வில்லோ தன் பெற்றோரின் மகளாகவே இருந்துகொண்டு இவர்களுடன் வாழலாம். இறந்தோரின் இடத்தை அழிக்காமலே புதியோர் வந்து அமர்கின்றனர்.

குறையும் சொல்லவேண்டும். ஹைரோவுக்கு எதிர்பாராது பெரும் பரிசுத்தொகை கிடைக்கிறது. கொட்டகையில் வாழ்ந்த பாட்டி, அக்குடியிருப்பையே விலைக்கு வாங்கத்தக்க சேமிப்புடையவள் என்று இறுதியில் தெரியவருகிறது. திரைக்கதை எழுதிப் பழகிய கை என்பது இங்கே புலப்படுகிறது. பணமில்லாத பாட்டியிடம் நீதிமன்றம் வில்லோவை ஒப்படைத்திருக்குமா என்னும் கடினமான வினாவை ஆசிரியர் எதிர்கொள்ளாமல் விலகிவிட்டார். கபிலருக்கு அத்தகைய பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அவர் தட்டிய அரண்மனைக் கதவுகள் திறவாமலே நின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவன் ஒருவன் வாப்பாவை இழந்து, சில வாரங்கள் கழித்து வகுப்புக்குத் திரும்பினான். துறைப் பேராசிரியர்கள் ஒவ்வொருவராக அவனை அழைத்துப் பேசினோம். நாம் பேசியது கால்மணி நேரத்திற்குக் குறையாது. பொறுமையைப் பற்றியும் விதியைப் பற்றியும் நன்றாகவே பேசினோம் என்று அப்போது எண்ணினோம். அவன் தலையசைத்துக்கொண்டிருந்தான். அதன்பின் மாலைதோறும் அவனை நூலகத்தில் காணலாயிற்று. அங்குப் பணியாற்றிய முதியவர் கிழிந்த நூல்களைத் தைத்துக்கொண்டிருப்பார். அவன் எதிரே அமர்ந்திருப்பான்.

படிப்பு முடித்து விடைபெற வந்தபோது, அவர் அவனிடம் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டோம்.

"பாய் ஒண்ணும் சொல்லல, சார். நூலோட ஒரு முனையைப் பிடிச்சுக்கன்னாங்க" என்றான்.