பழைய சாய்தளம் வாங்குதல்

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தின் பழைய வீடுகளுக்குத் திண்ணையும் படிகளும் உண்டு. காந்தளூர் மகாதேவர் கோயில் அத்தெருவிலேயே உள்ளது. ஆயினும், சக்கர நாற்காலியில் அமர்ந்த பாட்டிக்கு வாசற்படிகளைக் கடப்பதே பெரும்பாடு.

பயன்படுத்திய அலுமினியச் சாய்தளம் புதியதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால், விலை பேசுவதற்கு முன் வாசலின் உயரத்தை அளத்தல் வேண்டும். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் எனில், மொத்த உயரம் 45 செ.மீ.; வேண்டிய நீளம் 540 செ.மீ. விற்பவர் காட்டும் 180 செ.மீ. பலகை ஒரு படிக்கே போதும். மலிவென்று அதையே மூன்று படிகளுக்கும் சாய்த்தால், நாற்காலி பின்புறம் கவிழக்கூடும். தள்ளுபவரும் உடன் விழுவார். தெருவில் இடமில்லையேல், இடையில் சமதளம் விட்டு, திண்ணையை ஒட்டித் திருப்பி அமைக்கலாம்.

பற்றவைத்த இடங்களில் விரிசல் உண்டா, இருபுறமும் ஓரத்தடுப்பு உள்ளதா என்பனவற்றையும் பார்த்தல் நன்று. மேற்பரப்பின் சொரசொரப்புத் தேய்ந்த பலகை, இடவப்பாதி மழையில் வழுக்கும்.

வினா: வாயிலின் உயரம் 30 செ.மீ. எனில், சாய்தளத்தின் நீளம் யாது? உம் வீட்டு வாயிலையும் அளந்து எழுதுக.