மரணத்துக்குப் பின்: கிறிஸ்தவர்கள் நம்புவது என்ன?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஈஸா நபி (அலை) அவர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லும் மக்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. அடுத்த வீட்டில் இருக்கிறார்கள்; நம் பிள்ளைகளோடு அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு மௌத் நேர்ந்தால் நாம் போகிறோம். நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கிறோம். இன்னொரு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவரோ அன்று அந்தப் பக்கமே போவதில்லை. "ஒரே வேதக்காரர்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம்?" என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

இது சரியன்று. வேதக்காரர்களோடு அழகிய முறையிலேயே அல்லாமல் தர்க்கம் செய்ய வேண்டாம் என்று திருக்குர்ஆன் (29:46) நமக்குக் கட்டளையிடுகிறது. ஒருவர் நம்பாததை நம்புவதாகச் சொல்லி மறுப்பது அழகிய முறையும் அல்ல, நீதியும் அல்ல. ஆகவே அவர்கள் உண்மையில் எதை நம்புகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். பிறகு நம் ஈமான் எங்கே பிரிகிறது என்பதைப் பார்ப்போம்.

எல்லோரும் ஒப்புவது

"கிறிஸ்தவர்களுக்குக் கியாமத் நாள் நம்பிக்கை இல்லை, செத்ததும் ரூஹு மோட்சம் போய்விடும் என்பார்கள், அவ்வளவுதான்" என்று நம்மில் சிலர் கூறுவதுண்டு. இது தவறு. கி.பி. 325இல் நீஸியாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சபைகளின் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணத்தைப் பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் ஏற்கின்றன. மரித்தோர் எழுப்பப்படுவர், ஈஸா (அலை) மீண்டும் வந்து உயிருள்ளோருக்கும் மரித்தோருக்கும் தீர்ப்பு வழங்குவார் என்பது அதில் உண்டு. உடலோடுதான் எழுப்பப்படுவர் என்பதைப் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் விரிவாகப் பேசுகிறார்.

இவ்வுலக வாழ்வு ஒரு முறைதான், மறுபிறவி இல்லை, மௌத்துக்குப் பின் கேள்வி உண்டு, சுவர்க்கமும் நரகமும் உண்டு என்ற அளவில் அவர்களுடைய பேச்சு நமக்கு அந்நியமானதன்று. பிரிவினை தொடங்குவது இதற்கு அடுத்த கேள்வியில்தான். இன்று மரித்தவர், கியாமத் வரை எங்கே, எந்த நிலையில் இருக்கிறார்?

உத்தரிக்கும் ஸ்தலம்

கத்தோலிக்கர்களின் கொள்கைப்படி, மனிதன் இறந்த உடனேயே அவனுக்குரிய தனித் தீர்ப்பு நடந்துவிடுகிறது. 1336இல் போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் இதை உறுதிப்படுத்தி அறிவித்தார். கியாமத் நாளின் பொதுத் தீர்ப்பு அதற்குப் பிறகு வருவது.

இந்தத் தனித் தீர்ப்பில் மூன்று வழிகள் உள்ளன. முற்றும் பரிசுத்தமானவர் மோட்சத்திற்குப் போவார். சாவான பாவத்தோடு மனந்திரும்பாமல் இறந்தவர் நரகத்திற்குப் போவார். இறைவனோடு உறவில் இறந்தும், பாவத்தின் கறை இன்னும் முழுமையாக நீங்காதவர் உத்தரிக்கும் ஸ்தலத்தில் சுத்திகரிக்கப்படுவார். இங்கே ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும். அது சுவர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவிலான நிரந்தர இடமும் அன்று. கெட்டவனுக்குக் கொடுக்கப்படும் இரண்டாவது சந்தர்ப்பமும் அன்று. அங்கே இருப்பவர் அனைவரும் ஒரு நாள் மோட்சம் சேருவது நிச்சயம் என்பதே அவர்கள் போதனை. 1274இல் லியோனிலும், 1439இல் ஃபிளாரன்ஸிலும், 1563இல் டிரெண்டிலும் கூடிய சங்கங்கள் இதை வரையறுத்தன.

உயிரோடிருப்பவர்களின் பிரார்த்தனையும், தர்மமும், பூசையும் அந்த ஆன்மாக்களுக்கு உதவும் என்பதும் இக்கொள்கையில் அடங்கும். பிரான்சிலுள்ள குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, தம் மடங்களில் நவம்பர் 2ஐ இறந்தோருக்கான நாளாக ஏற்படுத்தினார். அது பரவியதுதான் இன்று நாம் காணும் கல்லறைத் திருநாள்.

கிரேக்க, ருஷ்ய வைதிகச் சபையினர் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் இறந்தோருக்காகப் பிரார்த்திக்கிறார்கள்; ஆனால் கத்தோலிக்கர் வரையறுத்த உத்தரிக்கும் ஸ்தலத்தை ஏற்பதில்லை. சீர்திருத்தச் சபையினர் பெரும்பாலும் இரண்டையுமே மறுக்கிறார்கள். இறந்தோருக்காகப் பலியிட்டுப் பிரார்த்தித்த செய்தி இரண்டாம் மக்கபேயர் என்ற நூலின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் அதை வேதநூலாகக் கொள்கின்றனர். சீர்திருத்தச் சபையினரின் வேதாகமத்தில் அந்நூல் இல்லை. 1863இல் அமைப்பாகத் திரண்ட ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையினரோ, இறந்தவர் எழுப்பப்படும் வரை எதையும் உணராமல் உறங்குகிறார் என்றும், தீயோர் முடிவில் அழிக்கப்படுவர், முடிவில்லாத வேதனை இல்லை என்றும் சொல்கிறார்கள்.

சீட்டு விற்ற கதை

உத்தரிக்கும் ஸ்தலத்தில் படும் தண்டனையைக் குறைக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு என்ற கொள்கையை ஒட்டி ஐரோப்பாவில் ஒரு பெருங்கேடு விளைந்தது. ரோமில் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டப் பணம் தேவைப்பட்டது. பணம் கொடுப்போருக்குத் தண்டனைக் குறைப்புச் சீட்டு வழங்கப்பட்டது. இறந்து போன தாய் தந்தையரின் வேதனையையும் காசு கொடுத்துக் குறைக்கலாம் என்று ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. அழுதுகொண்டிருக்கும் ஏழை, இருந்ததைக் கொண்டு வந்து கொட்டினான். இதைக் கண்டித்துத்தான் மார்ட்டின் லூதர் 1517இல் 95 கருத்துகளை வெளியிட்டார். மேற்குக் கிறிஸ்தவ உலகம் இரண்டாகப் பிளந்தது. காசுக்குச் சலுகை வழங்குவதைப் போப் ஐந்தாம் பயஸ் 1567இல் ரத்து செய்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்து, "பார்த்தீர்களா அவர்கள் நிலையை!" என்று நாம் சிரித்துவிட்டுப் போக முடியுமா? மையித்தின் பெயரால் நம் வீடுகளில் நடப்பதென்ன? இத்தனை கத்தத்திற்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசுவது நம்மிடம் இல்லையா? கடன் வாங்கி நாற்பதாம் நாள் விருந்து வைக்கும் விதவை நம் தெருவில் இல்லையா? கூலிக்கு ஓதினால் ஓதியவருக்கே நன்மை இல்லை, பிறகு மையித்திற்கு எதைச் சேர்த்து வைப்பது என்று ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) கடுமையாகக் கேட்கிறார்கள். அவர்கள் 1836இல் மறைந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி மறையவில்லை.

மையித்திற்கு நன்மை சேரும் வழிகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே காட்டிச் சென்றிருக்கிறார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் தம் தாயாருக்காகத் தோட்டத்தை ஸதகா செய்தார்கள். நிலையான தர்மமும், பயன் தரும் கல்வியும், துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளையும் மௌத்துக்குப் பின்னும் தொடரும் என்று ஹதீஸ் வந்திருக்கிறது. இதில் பேரத்துக்கு இடமில்லை, கடனுக்கும் இடமில்லை.

பால் மணம் மாறாத குழந்தைகள்

ஆதம் (அலை) அவர்களின் பிழை பிறக்கும் ஒவ்வொருவரையும் தொடர்கிறது, ஞானஸ்நானம் அதைக் கழுவுகிறது என்பது கத்தோலிக்கக் கொள்கை. அப்படியானால் ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தையின் கதி என்ன? 430இல் இறந்த அகஸ்டின், அவற்றுக்கும் மிக இலேசான தண்டனை உண்டு என்றார். அது மனம் ஏற்கக் கடினமாயிருந்ததால், பிற்காலத்தார் வேதனையும் இல்லாத, இறை தரிசனமும் இல்லாத 'லிம்போ' என்ற ஓர் இடத்தைச் சொன்னார்கள். ஆனால் அது கட்டாயக் கொள்கையாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு, அக்குழந்தைகள் ஈடேற்றம் பெறுவர் என்று நம்பிக்கை கொள்ளத் தக்க காரணங்கள் உண்டு என்று எழுதியது. இத்தனை நூற்றாண்டுகள் எத்தனை தாய்மார்கள் இந்தக் கேள்வியோடு அழுதிருப்பார்கள் என்பதை நம் வீட்டுப் பெண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மார்க்கத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத்திலேயே பிறக்கிறது. சுவனச் சோலையில் இப்ராஹீம் (அலை) அவர்களைச் சுற்றிக் குழந்தைகள் இருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் கண்டார்கள். இணை வைப்போரின் குழந்தைகளுமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களுமே என்று பதில் சொன்னார்கள் (புகாரீ). எனவே அண்டை வீட்டுக் கிறிஸ்தவத் தாய் தன் குழந்தையை இழந்து அழும்போது, அக்குழந்தையைப் பற்றி நல்லதையே பேசலாம்.

நாம் பிரியும் இடம்

பெயர்கள் ஒத்திருப்பதால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. பர்ஸக் என்பது உத்தரிக்கும் ஸ்தலம் அன்று. அது நல்லவர், கெட்டவர் அனைவரும் கடக்க வேண்டிய இடைக்காலம். ஈஸா (அலை) மீண்டும் வருவார்கள் என்று நாமும் நம்புகிறோம். ஆனால் தீர்ப்பு நாளின் அதிபதி அல்லாஹ் ஒருவனே.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஈஸா (அலை) சிலுவையில் இறந்து மனிதரின் பாவத்துக்கு ஈடு கொடுத்தார் என்பதே மறுமை பற்றிய அவர்கள் நம்பிக்கையின் அஸ்திவாரம். அவர்கள் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்கிறது திருக்குர்ஆன் (4:157). ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்றும் அது (6:164) கூறுகிறது. ஷபாஅத் உண்டு; அதுவும் அல்லாஹ்வின் அனுமதி கொண்டே. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அவர்கள் வீட்டில் மௌத் என்றால்

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். இவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, இதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (புகாரீ). எழுந்து நிற்பதன் சட்டம் பற்றி இமாம்களிடையே பேச்சு உண்டு. ஆனால் அந்தப் பதிலில் உள்ள பாடத்தில் பேச்சில்லை.

ஆகவே அண்டை வீட்டுக்குப் போக வேண்டும். ஆறுதல் சொல்ல வேண்டும். அடுப்பு எரியாத வீட்டுக்கு உணவு கொடுத்தனுப்புவது அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணுவதாகும். உயிரோடிருப்பவர்களுக்குப் பொறுமையும் நேர்வழியும் கிடைக்க துஆச் செய்யலாம். இறந்தவருக்காக மஃபிரத் கேட்பதில்லை என்பது 9:113ஆம் வசனத்தைக் கொண்டு உலமாக்கள் எடுத்த முடிவு. அவர்களுடைய வணக்கச் சடங்கிலும் நாம் சேர்வதில்லை. அதற்காக, அழுகிறவர் முன் நின்று இறந்தவரின் கதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் இல்லை. இறந்தோரை ஏசாதீர்கள், அவர்கள் தாம் அனுப்பி வைத்ததைச் சென்றடைந்துவிட்டார்கள் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது.

மறுமையைப் பற்றி அவர்கள் நம்புவதென்ன என்று பிள்ளைகள் கேட்டால் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். நாம் நம்புவதென்ன என்று அவர்கள் கேட்டால், அதைவிடத் தெளிவாகச் சொல்லும் தகுதியைத் தேடிக்கொள்ளுங்கள். நம் அனைவருக்கும் ஈமானுடைய மௌத்தையும், விசாலமான கப்ரையும், இலேசான கேள்வி கணக்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.